கோயிலில்லாத சபை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்து ஊர்க்காரன், பெங்களூரில் வேலை பார்க்கிறேன். 2020 ஊரடங்கில் கோயில்கள் (எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) மூடிக் கிடந்தபோது ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஜூமில் ஜெபிக்க ஆரம்பித்தோம். கோயில் திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இப்போது ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசித்துப் பேசுவோம், பாடுவோம், சேர்ந்து சாப்பிடுவோம். போதகர் கிடையாது, காணிக்கைப் பை கிடையாது. பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் தேர்தல் சண்டை, வழக்கு, "தம்பி எந்த ஊரு, யாரு பையன்" என்று சாதியை மோப்பம் பிடிக்கும் விசாரிப்பு, எதுவும் இல்லை. அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "செத்தா உன்ன எங்கல அடக்கம் பண்ணுவாங்க? அசனத்துக்காவது வந்து தொலை" என்கிறார், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் கோயில் விருந்தைச் சொல்கிறார். ஆதிச் சபை வீடுகளில்தானே கூடியது? கட்டடமும் சடங்கும் இல்லாமல் சபை இருக்க முடியாதா?

ஜே., பெங்களூரு

அன்புள்ள ஜே.,

இருக்க முடியும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ரோமருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல், பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபையையும் வாழ்த்தச் சொல்கிறார். ஆங்கிலத்தில் கட்டடத்துக்கும் ஆட்களுக்கும் சர்ச் என்று ஒரே சொல். நம் பக்கத்தில் கோயில் வேறு, சபை வேறு. உங்கள் கேள்வியில் பாதி அந்த இரண்டு சொல்லிலேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதிதான் சிக்கல். சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் தூரா யூரோப்போஸ் என்று ஒரு பழைய பட்டணம். கி.பி. 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையில் அழிந்து மண்ணுக்குள் போனது. 1930களில் அங்கே தோண்டியபோது கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு வீடு கிடைத்தது. முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள சாதாரண வீடுதான். ஓர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி வைத்து, சுவரில் மேய்ப்பன் படம் தீட்டியிருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள், இடம் போதவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஐந்து குடும்பம் பதினைந்தானால் நீங்களும் ஒரு சுவரை இடிப்பீர்கள், அல்லது மண்டபம் பார்ப்பீர்கள். அப்புறம் வாடகைக்கு யாராவது பை நீட்ட வேண்டும். அது பாவமொன்றும் இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொரு சுவர். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோமன் கத்தோலிக்கர் ஊர். (நம் பிராட்டஸ்டண்ட் சபைகள் இதில் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள்.) 1872இல் அங்கே கட்டிய கோயிலுக்குள் நடுவே சுவர் வைத்தார்கள், வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறு பக்கம் உட்கார. பீடம் மட்டும் பொது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் என்பார்கள். சாதிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வரைபடம் போட முடியாது. 1910இல் அங்கிருந்த பாதிரியார்களே அந்தத் தடுப்பை எடுத்தார்கள். எதிர்த்தவர்கள் உயர்நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள்.

இதைப் படித்ததும் "அதனால்தான் கோயில் வேண்டாம் என்கிறேன்" என்று சொல்வீர்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. செங்கலும் சுண்ணாம்புமாக நின்றதால் அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது, இடிக்கவும் முடிந்தது. உங்கள் ஃபிளாட்டில் இருக்கும் சுவரை யார் காட்டுவார்கள்? வீட்டுக் கூடுகைக்கு நாம் சாப்பிடக் கூப்பிடும் ஆட்களைத்தான் கூப்பிடுவோம். ஏறக்குறைய அதே சம்பளம், அதே படிப்பு, பெரும்பாலும் அதே சாதி. யாரும் யாரையும் விலக்கவில்லை, கூப்பிடவில்லை அவ்வளவுதான். ஐந்து குடும்பங்கள் எந்தெந்தக் குடும்பங்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கொரிந்து சபை வீட்டில் கூடியதுதான். அங்கே கட்டடமும் இல்லை, திருமண்டலமும் இல்லை. அவர்களுக்குப் பவுல் எழுதுவது: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வசதியுள்ளவன் முதலில் வந்து தின்று குடித்துவிடுகிறான், இல்லாதவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நோய் கட்டடத்தோடு வந்ததல்ல.

கோயிலில் ஒரு வசதி உண்டு, கதவு தெருவைப் பார்த்து இருக்கும். யாரென்றே தெரியாதவன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகலாம், யாரும் அழைத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அபார்ட்மெண்டில் கேட்டில் பெயர் எழுதி, மேலே போன் போட்டுக் கேட்டபிறகுதானே உள்ளே விடுகிறார்கள்? அந்தக் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் விசுவாசியாக இருந்தால் ஞாயிறு மாலை உங்களோடு உட்காருவாரா?

கோயில் பழக்கத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் நம் பக்கத்தில் ஏற்கெனவே உண்டு. உங்கள் ஊர் பக்கமே சட்டாம்பிள்ளை என்ற உபதேசியார் 1857இல் மிஷனரிகளோடு பிணங்கிப் பிரிந்து, வெள்ளைக்காரப் பழக்கங்களைத் தள்ளி, சனிக்கிழமை ஆராதிக்கும் ஒரு சபையைத் தொடங்கினார். 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசன், பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். கதர் உடுத்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். எனக்குப் பிடித்த முன்மாதிரி அதுதான். அதன் கதவும் தெருவைப் பார்த்து இருந்தது, நோயாளி யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. பின்னால் அவர்களும் கோபுரத்தோடு ஒரு ஜெபாலயம் கட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

சடங்கு எல்லாம் கோயிலுக்குள் இருப்பதாக நினைக்கிறீர்கள். என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மாசக் கடைசியில் பானை கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது, ஞானப்பாட்டு பாதிதான் தெரியும். அவள் சபை வாழ்க்கை அடுப்படியில்தான் நடந்தது. உங்கள் கூடுகையில் பை வேண்டாம், சரி. பானை?

அப்பாவின் கேள்வியைச் சிரித்துத் தள்ளாதீர்கள். கல்யாணத்துக்கு 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் அலுவலகம் போதும். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டால்தான் எந்தச் சபை என்பார்கள், கடிதம் கேட்பார்கள். அதைவிட, இழவு வீட்டுக்கு யார் வருவார்கள் என்பதைத்தான் அவர் கேட்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி வாங்கப் போகிறவன் யார், மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவருகிறவள் யார்? ஐந்து குடும்பத்தில் இரண்டு வேலை மாறிப் புனேவுக்குப் போய்விட்டால்?

கூடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அசனத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பந்தியில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் கடைசிப் பந்திவரை நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். தேதியையும் அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் நானும் வருகிறேன்.