பனி கட்டும் இடமே பழுதைக் காட்டும்: குளிர்சாதனப் பெட்டி கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, எங்கள் இரட்டைக் கதவுப் பெட்டியில் மேலே மீன் உறைகிறது, கீழே மரக்கறி வாடுகிறது. பார்க்க வந்தவர், கேஸ் குறைந்துவிட்டது, அடிக்க வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. உறைபகுதியின் பின்சுவர்ப் பலகையைக் கழற்றி, கொயிலை, அதாவது கேஸ் ஓடிக் குளிரூட்டும் குழாய்ச் சுருளை, உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், அது உள்ளே நுழையும் பக்கத்தில் இரண்டு மூன்று வளையங்களில் மட்டும் பனி படர்ந்து, மிச்சமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். மாறாக, கொயில் முழுவதும் தகடுகளே தெரியாதபடி வெள்ளையாக மூடியிருந்தால், கேஸ் தன் வேலையைச் செய்கிறது. தானாகப் பனி உருக்கும் ஏற்பாடுதான் நின்றுவிட்டது. அப்போது காற்றாடி சுற்றினாலும் காற்றுப் போக வழியில்லை. கொயிலை ஒட்டியிருக்கும் மேல்தட்டு உறையும், காற்றை நம்பியிருக்கும் கீழ்த்தட்டு சூடாகும். நீங்கள் சொல்லும் அடையாளம் இரண்டாவதோடுதான் பெரிதும் ஒத்துப்போகிறது. பலகையைக் கழற்றாமலே கேஸ் அடிக்க முனைபவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: கறண்டை நிறுத்தி ஒரு நாள் திறந்து வைத்தால், பிறகு ஒரு கிழமைக்குப் புதிது போல வேலை செய்கிறது, அதன்பின் பழைய கதைதான். எந்தப் பாகத்தை மாற்றுவது?

பதில்: ஒரு கிழமை என்ற உங்கள் கணக்கே பாதி விடை. கொம்பிரசரும் கேஸும் நலம். பனி உருகாமல் சேர்ந்துகொண்டே போகிறது. இத்தகைய பெட்டிகளில் பல மணி நேரத்துக்கு ஒரு தடவை டைமர் கொம்பிரசரை நிறுத்தி, கொயிலின் அடியிலுள்ள ஹீற்றருக்கு மின் கொடுக்கும். பனி உருகிக் கொயில் சற்றுச் சூடேறியதும் பைமெட்டல் என்ற சிறிய ஆளி மின்னைத் துண்டிக்கும். அது பழுதாகி ஹீற்றர் அளவு மீறிச் சூடானால் பியூஸ் எரிந்து காப்பாற்றும். செருகியைக் கழற்றிய பின், மின்தடையை (ஓம்) அளக்கும் மீற்றரால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 230 வோல்ற்றில் 150 வாற்ஸ் ஹீற்றர் என்றால் ஏறத்தாழ 350 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது.

பைமெட்டலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது குளிரில் இணைந்து, சூட்டில் பிரிவது. மேசையில் வைத்து அளந்து, இணைப்பு இல்லை என்று நல்ல பாகத்தைக் குப்பையில் எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் ஒன்றை எறிந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு அளந்து பாருங்கள். பியூஸ் எரிந்திருந்தால் கம்பியால் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். பிளாஸ்ரிக் உருகித் தீப்பற்றக்கூடும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: கொயிலில் பனி இல்லை, அதன் அடியில் கண்ணாடி போல் கட்டிப் பனி இருக்கிறது, மரக்கறித் தட்டில் தண்ணீர் தேங்குகிறது.

பதில்: உருகிய நீர் வெளியேறும் துவாரம் அடைபட்டிருக்கிறது. பனியை உருக்கியபின் இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக விட்டு, பின்புறத் தட்டில் அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: எங்களுடையது பழைய ஒற்றைக் கதவுப் பெட்டி. பனியைக் கத்தியால் கிண்டி எடுக்கிறோம். தவறா?

பதில்: தவறுதான். பனி படியும் உறைபகுதிச் சுவர் மெல்லிய அலுமினியம், கேஸ் ஓடுவதும் அதற்குள்தான். கத்தி முனை ஒரு தடவை வழுக்கினால் கேஸ் முழுவதும் போய்விடும். R600a என்று எழுதியிருக்கும் பெட்டியானால் அந்த வாயு எரியக்கூடியது. அரை சென்ரிமீற்றர் தடிப்பு வந்ததுமே மின்னை நிறுத்தி, ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பனி தானாகவே பாளம் பாளமாகக் கழன்று விழும்.

வாழைச்சேனையிலிருந்து: கச்சான் காற்றுக் காலத்தில் தொல்லை இல்லை. மாரி தொடங்கினால் கதவோரத்தில் பனி கட்டுகிறது. ஏன் ஐயா?

பதில்: கச்சான் வறண்ட காற்று, மாரிக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. கதவு றப்பர் ஓரிடத்தில் தளர்ந்திருந்தால் அந்த ஈரம் உள்ளே புகுந்து அங்கேயே உறையும். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடையே வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வரும் இடமே பழுதான இடம். சவர்க்கார நீரால் றப்பரைக் கழுவி, மடிந்த பகுதியைச் சுடுநீர்த் துணியால் ஒற்றி நிமிர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று: தயிர்ச் சட்டியைத் திறந்தபடி வைக்காதீர்கள், அதன் ஈரமும் பனியாகிறது. அகன்ற சட்டி கதவை முழுதாகச் சாத்தவிடாமல் தடுத்ததை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அங்கே றப்பரில் ஒரு குறையும் இருக்கவில்லை.