பல வருடம் கழித்துப் பொங்கலுக்குச் சென்னை போனால் எப்படி இருக்கும்?

கேள்வி: வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பொங்கலைச் சென்னையில் குடும்பத்தோடு கொண்டாடியவர்கள் உண்டா? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது சரிப்படுமா?

சரிப்படும். 2025 பொங்கலுக்கு நாங்கள் போனோம். முதலில் லீவு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசிப் பேர் சிக்கிக்கொள்வது அதில்தான்.

நாங்கள் டொரண்டோ பக்கம் இருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு நீளமான லீவு என்றால் ஜூலை, ஆகஸ்ட். அதை விட்டால் கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம். கோடை லீவில் ஊருக்குப் போனால் ஆடி மாசம். அம்மன் கோயிலில் கூழ் குடிக்கலாம், ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கலாம். டிசம்பரில் போனால் மார்கழிக் கோலம் பார்க்கலாம். ஆனால் ஜனவரி முதல் வாரமே பள்ளி திறந்துவிடும், தை பிறக்கும்போது நாம் இங்கே வாசலில் பனி தள்ளிக்கொண்டிருப்போம். தலைப் பொங்கலுக்கு அப்புறம் ஒரு பொங்கல்கூட ஊரில் வாய்க்காததற்கு இதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. கடைசியில் மகளின் டீச்சருக்கு "குடும்பப் பண்டிகை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதெல்லாம் பிள்ளை சின்ன வகுப்பில் இருக்கும்வரைதான் நடக்கும், அதனால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

இங்கே பொங்கல் இல்லாமல் இல்லை. 2016-இல் கனடா நாடாளுமன்றமே ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்தது. ஸ்கார்பரோவில் கரும்பு கிடைக்கும். ஈழத்து நண்பர் ஒருவர் கராஜ் கதவைத் திறந்து வைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டே அடுப்பு மூட்டிப் பொங்குவார். சங்கத்துப் பொங்கலும் உண்டு, மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமையில். அலுமினியத் தட்டில் சர்க்கரைப் பொங்கல், மேடையில் பிள்ளைகளின் நடனம், வரவேற்புரை, நன்றியுரை. குறை சொல்லவில்லை. அதை நடத்துகிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், நானே வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழித்திருக்கிறேன். ஆனால் யாராவது ஓடியாடி நடத்தினால்தான் இங்கே பொங்கல் உண்டு.

சென்னையில் அது தன் பாட்டுக்கு வருகிறது. அந்த வருடம் தை ஒன்று செவ்வாய்க்கிழமை. அரசு 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் சேர்த்து லீவு விட்டதில் 14 முதல் 19 வரை ஆறு நாள். ஊர் இருக்கிறவர்கள் எல்லாம் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். எங்களுக்குச் சென்னையை விட்டால் வேறு ஊர் கிடையாது. மிச்சமிருக்கிற அந்தக் காலியான சென்னையை, சிக்னலில் நிற்காமல் ஆட்டோவில் போவதை, நீங்கள் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டும்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் அயனாவரத்தில் மாமியார் வீட்டு வாசலில் என் தம்பி வந்து இறங்கினான். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பானை, பின்னால் அவன் பெண்டாட்டி கையில் இரண்டு கரும்பு, அதன் தோகை ரோட்டைப் பெருக்கிக்கொண்டு வந்திருந்தது. பையில் பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, மஞ்சள் கொத்து, எனக்கு ஒரு புடவை. வருஷா வருஷம் பொங்கச் சீர் என்று என் கணக்கில் பணம் போட்டுவிட்டு "வந்துதா க்கா?" என்று வாட்ஸப்பில் கேட்பவன், வேர்க்க விறுவிறுக்க நின்றான். "வா தம்பி, உட்காரு. இத்தனை வருஷம் உங்க அக்காவுக்குச் சீர் போன்லதான் வரும், இப்பதான் கண்ணால பாக்குறேன்" என்றார் அத்தை. கிண்டலா பெருமையா தெரியவில்லை, ஆனால் கரும்பை வாங்கி வாசலிலேயே சாத்தி வைத்தார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான், வேறென்ன.

போகிப் புகையை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்கிறது; விடிகாலை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரிவதில்லை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே முடக்கிப் போட்டது. அன்றைக்குக் காலையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட வேண்டாம். வீசிங் இருக்கிற பிள்ளை என்றால் இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும். என் மகளுக்கு இருமலைப் பற்றிக் கவலையில்லை. போகி மேளம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், மதியத்துக்குள் தோலைக் கிழித்துவிட்டாள்.

அத்தை சில வருடமாக முட்டிவலியால் கேஸ் அடுப்பிலேயே பொங்கிக்கொண்டிருந்தார். பேத்தி வந்த சாக்கில் மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்தார். விறகு ஈரம், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிச்சல். நாங்கள் அடுப்போடு மல்லுக்கட்டும்போதே பக்கத்து மாடியில் "பொங்கலோ பொங்கல்" சத்தம் வந்துவிட்டது. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு வழியாகப் பால் கிழக்குப் பக்கம் வழிந்ததும்தான் ஆள் சரியானார். மகள் தட்டில் கரண்டியால் தட்டிக் கத்திவிட்டு, "ஆயா, ப்ரோக்ராம் எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள். "என்னா ப்ரோக்ராம்? துன்ற வேலதான்" என்றார் அத்தை.

மாட்டுப் பொங்கலுக்குக் கறி எடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அன்றுதான் திருவள்ளுவர் தினம், இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். அந்தக் கூட்டம் மொத்தமும் காணும் பொங்கலன்று விடிகாலையில் மட்டன் கடை வாசலில் நிற்கும். அதே நாளில் மெரினாவுக்குப் போக என் வீட்டுக்காரருக்கு ஆசை. கடலில் இறங்க விடமாட்டார்கள், தடுப்பு கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸ்காரர்கள் கட்டிவிடுவார்கள். அவ்வளவு கூட்டம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். வில்லிவாக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தோம், மகளுக்கு நூறு ரூபாய் தேறியது. அதை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறாள்.

கடைசியாக, திரும்பும் டிக்கெட். லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் போடாதீர்கள். ஊருக்குப் போனவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் ஜிஎஸ்டி ரோடு வழியாகச் சென்னைக்குள் நுழைவார்கள், விமான நிலையமும் அதே ரோட்டில். வேறு வழியில்லை என்றால் மெட்ரோவில் போய்விடுங்கள். பெட்டி தூக்கத் தம்பியையோ மச்சானையோ கூட்டிக்கொள்ளுங்கள்.