வாசகர் கேள்வி – பதில்: படப்பிடிப்புத் தளத்தில் புதியவர்கள்

சின்னத்திரைத் தயாரிப்புக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து நான்கு கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: தொடர் ஒன்றின் இயக்குநர் குழுவில் கடைசி உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். நடிகர்களை அழைத்து வருவதும், ஒவ்வொரு அறையிலும் ‘தயாரா’ என்று கேட்டுவந்து சொல்வதுமே நாள் முழுவதும் என் வேலையாக இருக்கிறது. இயக்கம் கற்க வந்த எனக்கு இதனால் என்ன பயன்?

பதில்: நீங்கள் சிறியதென எண்ணும் அந்த வேலையை நம்பித்தான் தளமே நடக்கிறது. ஒப்பனை அறையில் இருக்கும் நடிகை வருவதற்கு இன்னும் 20 நிமிடம் ஆகும் என்பது உங்களுக்கே கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் இயக்குநர் கோபித்துக்கொள்வாரே என்று அஞ்சி, ‘5 நிமிடத்தில் வந்துவிடுவார்’ என்று சொல்லிவிடுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். விளக்குகள் எரிந்தபடி இருக்க, கேமரா வைத்த இடத்திலேயே நிற்க, குழுவினர் அனைவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். உண்மையான நேரம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதற்குள் எதிரில் நிற்கும் நடிகரின் குளோஸ்-அப்பையோ, மேசைமேல் இருக்கும் கடிதத்தின் தனி ஷாட்டையோ இயக்குநர் எடுத்து முடித்திருப்பார். கசப்பான செய்தியானாலும் உடனே, உள்ளபடியே வந்து சொல்லும் உதவியாளரை எந்த இயக்குநரும் இழக்க விரும்பமாட்டார் என்பது என் உறுதியான கருத்து. வாக்கி-டாக்கியில் ஒரு செய்தி வந்தால், காட்சி எண்ணையும் பெயரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டு அதன்பின் நகருங்கள்.

கற்பதற்கு வழி இதற்குள்ளேயே இருக்கிறது. கதை செல்லும் வரிசையில் படம்பிடிப்பதில்லை. ஒரே வீட்டில் நடக்கும் காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுப்பதால், காலையில் 14-ஆம் காட்சியும் மாலையில் 3-ஆம் காட்சியும் எடுக்கப்படலாம். எனவே முந்தின இரவே, மறுநாளுக்கான காட்சிகளோடு, ஒவ்வொன்றுக்கும் கதையில் முன்னும் பின்னும் வருகிற காட்சிகளையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். 3-ஆம் காட்சியில் அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாத ஒரு செய்தி, 14-இல் அவள் முகத்தில் தெரிந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உங்களுக்குப் புலப்படும். இயக்குநர் நடிகையிடம் தணிந்த குரலில் என்ன விளக்குகிறார் என்பதும், அழைத்துவரப் போகிற உங்கள் காதில் பொருளோடு விழும்.

கேள்வி: அடுத்த மாதத்திலிருந்து கிளாப் அடிப்பதையும், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள், அசைவு மாறாமல் தொடர்வது) குறிப்பதையும் என்னிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்? தவறு நேர்ந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: முதலில், காட்சி எண் எழுதிய கிளாப் பலகை எதற்காக என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். படம் கேமராவிலும், ஒலி தனிக் கருவியிலும் பதிவாகும்போது, பலகையின் இரண்டு பாகங்களும் சேரும் அந்த ஒரு ஃபிரேமையும், ஒலிப்பதிவில் ‘டக்’ என்று கேட்கும் அந்த ஒரு புள்ளியையும் பொருத்தித்தான் எடிட்டர் இரண்டையும் இணைக்கிறார். நொடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி நொடி. சில ஃபிரேம்கள் தள்ளிப்போனாலே உதடும் சொல்லும் ஒட்டாமல் நிற்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே எண்களைத் தெளிவாகப் படித்து, பலகை கேமராவுக்குள் முழுமையாகத் தெரிகிறதா என்று கேட்டு, அசையாமல் பிடித்து, ஒரே ஒருமுறை அடித்துவிட்டு, சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுங்கள். நடிகரின் முகத்துக்கு அருகில் பிடிக்க வேண்டிய குளோஸ்-அப் என்றால் மெதுவாக அடித்தாலே போதும். அழும் காட்சிக்காக மனத்தைக் கூட்டி அமர்ந்திருப்பவரை அந்த ஓசை கலைத்துவிடக் கூடாது. தொடக்கத்தில் அடிக்க இயலாமல் போனால், ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்துவதற்குள் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பது வழக்கம். தலைகீழ்ப் பலகையைக் கண்டதும் இது முடிவில் அடித்தது என்று எடிட்டர் புரிந்துகொள்வார். டைம்கோடு (படத்திலும் ஒலியிலும் ஒரே நேரக் குறியைப் பதிக்கும் முறை) இணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும் தளங்களிலும், ஒரு காப்பாகக் கிளாப் அடிக்கும் பழக்கத்தைப் பல குழுக்கள் கைவிடவில்லை.

கன்டினியூட்டியில் புதியவர்கள் பெரும்பாலும் உடையையும் நகையையும் குறித்துக்கொண்டு, அசைவைக் கோட்டைவிடுகிறார்கள். உடை, தலைமுடி, மேசைமேல் இருக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எடுக்கும் புகைப்படம் போதும். அசைவைப் புகைப்படம் காட்டாது. அதை வசனத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். ஒரு பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, ‘இதை நீங்கள் என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்’ என்று சொல்லியபடி உட்காருகிறாள் என்போம். கடிதம் இடக்கையில் இருந்ததா, எந்தச் சொல்லின்போது உட்கார்ந்தாள், உட்காருவதற்கு முன் கடிதத்தை மடித்தாளா, பின்னரா என்பதை அந்த வசன வரியின்மேலேயே சிறு குறியாக இட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து அதே வசனத்தைக் குளோஸ்-அப்பில் எடுக்கும்போது, ‘முன்பே’ என்ற சொல்லில் உட்கார்ந்தவர் இப்போது வாக்கியம் முழுவதும் முடிந்தபின் உட்கார்ந்தால், அந்த இரண்டு ஷாட்டுகளையும் அசைவின் நடுவில் வெட்டி ஒட்ட முடியாது. அந்த இடத்தை மறைக்க, கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவரின் முகம் உள்ள ஷாட்டை எடிட்டர் தேடிப் போக வேண்டியிருக்கும்.

வேறுபாட்டைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பதையும் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டேக் ஓடும்போது, அதாவது கேமரா பதிவுசெய்துகொண்டிருக்கும்போது, குரல் கொடுக்கக் கூடாது. நடிகரிடம் நேரே சென்று திருத்துவதும் பெரும்பாலான தளங்களில் முறையன்று. ‘கட்’ சொன்னவுடன் இணை இயக்குநரிடமோ இயக்குநரிடமோ சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அதைப் பொருட்படுத்தாமல் மேலே போவதா, மறுபடியும் எடுப்பதா என்பது அவர்கள் முடிவு. நடிப்பு மிகச் சிறப்பாக அமைந்துவிட்டால், கடிதம் வேறு கையில் இருப்பது தெரிந்தே அந்த டேக்கை வைத்துக்கொள்வார்கள். அதை உங்கள் உழைப்புக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளாமல், குறிப்பில் தவறாமல் எழுதி வையுங்கள். எடிட்டருக்கு அக்குறிப்பு தேவைப்படும். வாய்ப்புக் கிடைத்தால் ஓய்வு நாள் ஒன்றில் எடிட்டிங் அறையில் அனுமதி பெற்று உட்கார்ந்து, நீங்களே குறித்த காட்சி வெட்டப்படுவதைப் பாருங்கள். தளத்தில் பல வாரங்கள் நின்றாலும் விளங்காதது அங்கே ஒரே பகலில் விளங்கும்.

கேள்வி: வழியில் இருந்த விளக்கு ஸ்டாண்டை உதவும் எண்ணத்தில்தான் நகர்த்தி வைத்தேன். லைட்மேன் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கடிந்துகொண்டார். நான் செய்தது அவ்வளவு பெரிய தவறா?

பதில்: எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதை நான் ஏற்கவில்லை, ஆனால் அவர் பதறியதற்குக் காரணம் உண்டு. அந்த ஸ்டாண்டின் காலில் வைத்த மணல் மூட்டை எடையைச் சமன்செய்து நிற்கிறது; சற்று நகர்ந்தாலும் மேலே இருக்கும் விளக்கு ஒருவர் தலையில் விழலாம். பழைய வகை டங்ஸ்டன் விளக்காக இருந்தால், அணைத்த பிறகும் நெடுநேரம் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடாக இருக்கும். மேலும், ஒளியின் இடம் ஓர் அடி மாறினாலும் முன் எடுத்த ஷாட்டோடு பொருந்தாது. எந்தத் துறையின் பொருளானாலும் அத்துறையினரைக் கேட்டே தொடுங்கள். மெமரி கார்டு விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பானது: பதிவான கார்டை, இரண்டு தனித்தனிப் பிரதிகள் எடுக்கப்பட்டு, அவை சரிபார்க்கப்படும் வரை யார் சொன்னாலும் அழிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: போக்குவரத்து நிற்காத சாலையில் நின்று வண்டிகளை மறிக்கும்படி என்னிடம் சொன்னார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று ஒப்புக்கொண்டேன். இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: மறுத்துவிடுங்கள். 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில்வே நிறுவனம் அனுமதி மறுத்திருந்த பாலத்தின்மேல் திரைப்படக் குழு ஒன்று படம்பிடிக்கச் சென்றபோது ரயில் வந்து, 27 வயதுப் பெண் கேமரா உதவியாளர் உயிரிழந்தார். இயக்குநர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குச் சென்றார். அனுமதி இருக்கிறதா என்று அங்கிருந்தவர்கள் கேட்கத் தயங்கக் கூடிய சூழ்நிலைதான் இத்தகைய விபத்துகளுக்கு இடம் கொடுக்கிறது.

சாலையில் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் காவல்துறைக்கே உண்டு. உதவி இயக்குநருக்கு இல்லை. அடுத்த முறை, ‘அனுமதிக் கடிதம் யாரிடம் இருக்கிறது, போக்குவரத்துக் காவலர் எப்போது வருகிறார்’ என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பணிவாக, ஆனால் இன்னொருவர் முன்னிலையில் கேளுங்கள். இரண்டுக்கும் விடை வராவிட்டால், சாலையோரத்தில் நின்று நடிகர்களையும் குழுவினரையும் பாதுகாப்பாக நிறுத்தி வைக்கும் பணியை மட்டும் செய்வதாகச் சொல்லிவிட்டு, சாலையில் இறங்காமல் இருங்கள். இரவுப் படப்பிடிப்பு நெடுநேரம் நீண்ட நாள்களில் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதும் இதே அளவு ஆபத்தானது. பேக்கப் ஆனதும் (அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும்) யூனிட் வண்டியில் இடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.