கேஸ் ஷீட் கையில இருக்கா? மருத்துவச் சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், எங்க அம்மாவுக்கு வயசு 58. பித்தப்பைக் கல்லுக்கு எங்க ஊர்லயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில லேப்ராஸ்கோப்பி, அதான் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன், பண்ணாங்க, மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு சொன்னாங்க. ரெண்டாம் நாள் ராத்திரியே வயிறு உப்பி வலியில துடிச்சாங்க, கேட்டா வெறும் வாயுதான் சரியாயிரும்னு ஒரு ஊசியைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்த நாலே நாள்ல கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சு, காய்ச்சல், மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க பித்தக்குழாய்ல காயம்பட்டு பித்தநீர் வயித்துக்குள்ள கசிஞ்சிருக்குன்னு மறுபடி வயித்தைத் திறந்தாங்க. நாலரை லட்சம் செலவு, அம்மா பொழைச்சுட்டாங்க, ஆனா பழைய ஆளா இல்ல. சொந்தக்காரங்க எல்லாம் போலீஸ்ல எழுதிக் குடு, டாக்டரை உள்ள தள்ளுங்கறாங்க. அம்மாவுக்குப் பண்ண சிகிச்சைய எழுதி வெச்ச கேஸ் ஷீட்டைக் கேட்டா அது ஆஸ்பத்திரி சொத்து தரமாட்டோம்னுட்டாங்க. ஒண்ணேகால் வருஷம் ஓடிப்போச்சு, என்ன பண்றது?
(வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: தம்பி, போலீஸ் ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம், மொதல்ல அந்த கேஸ் ஷீட்டை வாங்குங்க. தரமாட்டோம்னு சொல்ல அவங்களுக்கு உரிமையே கிடையாது. 2002-ல வந்த மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதியிலயே இருக்கு, நோயாளியோ அவர் சார்பா உரியவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டைக் குடுக்கணும், உள்நோயாளி ரெக்கார்டை சிகிச்சை ஆரம்பிச்ச நாள்ல இருந்து 3 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். வாய்ல கேட்டதை விடுங்க, அம்மா கையெழுத்துப் போட்ட லெட்டரா, ஒப்புகை கார்டு திரும்பி வர்ற மாதிரி தபால்ல அனுப்புங்க. அவங்க தராட்டியும் அந்தக் கார்டு உங்களுக்கு ஆதாரம், கேட்டும் தரலைன்னு நுகர்வோர் ஆணையம் முன்னாடி காட்டலாம்.

நான் ஏன் இதுலயே நிக்கிறேன்னா, டிஸ்சார்ஜ் சம்மரிய மட்டும் நம்பி வர்றவங்கதான் இங்க ஜாஸ்தி. நான் நடத்துன ஒரு அப்பென்டிக்ஸ் கேஸ்ல சம்மரியில ஆபரேஷனுக்கு அப்புறம் எந்தப் பிரச்னையும் இல்லைன்னு அழகா டைப் பண்ணியிருந்துச்சு. மூணு மாசம் அலைஞ்சு முழு கேஸ் ஷீட்டை வாங்கினா, உள்ள நர்ஸுங்க எழுதுற சார்ட்ல நீல மையில ராத்திரி 11.40-க்கு பல்ஸ் 124, காய்ச்சல் 102, வயித்து வலி, டாக்டருக்கு போன்ல சொல்லியாச்சுன்னு ஒரு பொண்ணு எழுதி கையெழுத்தும் போட்டிருக்கு. அதுக்கு அடுத்த டாக்டர் குறிப்பு மறுநாள் காலையில 9.15. நடுவுல ஒம்பதரை மணி நேரம் ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு பக்கத்தை வெச்சுத்தான் நாங்க ஜெயிச்சோம், அந்த நர்ஸ் பொண்ணு யாருன்னுகூட எனக்குத் தெரியாது, ஆனா தன் வேலைய ஒழுங்கா பாத்த அந்தப் புள்ளைய நான் இன்னைக்கும் நெனச்சுக்குவேன்.

உங்க கேஸுக்கு வர்றேன். லேப்ராஸ்கோப்பியில பித்தக்குழாய்ல காயம்படுறது நல்ல கைராசிக்கார சர்ஜனுக்கும் எப்பவாவது நடக்குற ஒண்ணு. குழாய் வெட்டுப்பட்டுச்சு அதனால டாக்டர் குத்தவாளின்னு நீங்க போனா, எதிர்த்தரப்பு வக்கீல் புஸ்தகத்தை விரிச்சு இது தெரிஞ்ச காம்ப்ளிகேஷன்தான்னு காட்டிட்டுப் போயிருவாரு. கோர்ட் பாக்குறது ரொம்ப சிம்பிள், அதே துறையில சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நேரத்துல நியாயமா என்ன பண்ணியிருப்பாரோ அதை இவரு பண்ணாரா இல்லையா. இங்கிலாந்துல 1957-ல போலம் வழக்குல சொன்ன அளவுகோல், நம்ம சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் எடுத்துக்கிட்டு இருக்கு. அதனால உங்க பலம் வெட்டுல இல்ல, அந்த ரெண்டாம் நாள் ராத்திரியில இருக்கு. வயிறு உப்பி வலிக்குதுன்னு சொன்ன பொம்பளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தாங்களா, ரத்தத்துல மஞ்சள் காமாலையக் காட்டுற பிலிரூபின் அளவைப் பாத்தாங்களா, வயித்துக்குள்ள தேங்குறதை வெளிய எடுக்குற ட்ரெயின் குழாய் வெச்சிருந்தா அதுல என்ன நிறத்துல எவ்வளவு வந்துச்சுன்னு எழுதியிருக்காங்களா? வெறும் வாயுன்னு சொல்லி அனுப்பி வெச்சது, அதுதான் கேள்வி.

போலீஸ் விஷயம். 2005-ல ஜேக்கப் மேத்யூ வழக்குன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. லூதியானாவுல ஒரு ஆஸ்பத்திரியில மூச்சுத் திணறின பெரியவருக்கு ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்து மாட்டினா அது காலி, வேற சிலிண்டர் வர்றதுக்குள்ள உயிர் போயிருச்சு. கேக்கவே வயித்தெரிச்சலா இருக்குல்ல, அதுலகூட டாக்டர்கள் மேல கிரிமினல் வழக்கு நிக்காது, வேணும்னா ஆஸ்பத்திரி மேல சிவில் பொறுப்பு, அதாவது நஷ்டஈடு குடுக்குற பொறுப்பு, இருக்கலாம்னுதான் சொன்னாங்க. ஜெயிலுக்கு அனுப்புற அளவுக்குன்னா அது ரொம்ப மோசமான கவனக்குறைவா இருக்கணும், போலீஸ் மொதல்ல ஒரு சுதந்திரமான டாக்டர்கிட்ட, முடிஞ்சா அரசு டாக்டர்கிட்ட கருத்து வாங்கணும், சும்மா புகார் வந்ததுக்காக அரெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு விதி போட்டுட்டாங்க. கொல்கத்தாவுல 1998-ல ஸ்டீராய்டை அளவுக்கு மீறிக் குடுத்து ஒரு இளம்பெண் இறந்துபோன வழக்கு தெரியுமா, அதுல கிரிமினல் வழக்கு நிக்கல, ஆனா நுகர்வோர் வழக்குல 2013-ல சுப்ரீம் கோர்ட் 5.96 கோடியும் வட்டியும் குடுத்துச்சு. அந்தப் பொண்ணோட கணவரே ஒரு டாக்டர், 15 வருஷம் விடாம நின்னாரு.

நீங்களும் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகணும், அதுவும் சீக்கிரமா. கெடு 2 வருஷம், உங்களுக்கு இன்னும் ஒம்பது மாசம்தான் இருக்கு. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்குதான், அதை நம்பி உக்காராதீங்க. இதே பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரு நர்ஸ் ஒம்பது வருஷம் வலி மாத்திரைய முழுங்கிட்டே இருந்துட்டு, அப்புறம் வயித்துக்குள்ள துணி இருந்தது தெரிஞ்சு கேஸ் போட்டாங்க. மருத்துவம் தெரிஞ்ச நீங்க இவ்வளவு நாள் ஏன் போய்ப் பாக்கலைன்னு கேட்டு காலம் கடந்துருச்சுன்னு 2010-ல தள்ளுபடியாயிருச்சு. எனக்கு அந்தத் தீர்ப்புல மனசு ஒப்பலை, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு.

எந்த ஆணையம்ங்கறது நீங்க எவ்வளவு நஷ்டஈடு கேக்குறீங்கங்கறதை வெச்சு இல்ல, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டுனீங்கங்கறதை வெச்சு. 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான், கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா பீஸே கிடையாது. நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம். எக்ஸ்பர்ட் டாக்டர் யாரும் சாட்சி சொல்ல வரமாட்டாங்களேன்னு பயம் இருக்கும். ஹைதராபாத்ல மலேரியாவுக்கு டைபாய்டுன்னு வைத்தியம் பாத்து ஒரு அம்மா இறந்த வழக்குல 2010-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எல்லா கேஸுக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்ல. உங்க கேஸ்ல இருந்தா நல்லது, ஆணையத்தையே அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி கருத்துக் கேக்கச் சொல்லி மனு போடலாம். மதுரை ஆஸ்பத்திரியோட ஆபரேஷன் நோட்ஸை மறக்காம வாங்கிருங்க, ரெண்டாவது தடவை வயித்தைத் திறந்தப்ப என்ன பாத்தாங்கன்னு அதுலதான் இருக்கும்.

கேள்வி: நீர்க்கட்டி இருக்கு, உள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு மட்டும்தான் என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. மயக்கம் தெளிஞ்சு பாத்தா கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. கேட்டா உங்க வீட்டுக்காரர் வெளிய கையெழுத்துப் போட்டுட்டாருங்கறாங்க. அவரு பயத்துல போட்டிருக்காரு, அவரைத் திட்டவும் முடியல. எனக்கு 36 வயசு.
(வாசகி, சேலம்)

பதில்: அக்கறையோட சொல்றேன், உங்க வீட்டுக்காரரைத் திட்டாதீங்க. அந்த வாசல்ல நர்ஸ் வந்து சீக்கிரம் போடுங்க இல்லாட்டி உயிருக்கு ஆபத்துன்னா யாரும் போட்டுருவாங்க. ஆனா அந்தக் கையெழுத்து செல்லாது. உங்க உடம்புக்கு நீங்கதான் சம்மதம் சொல்லணும். அப்பவே எடுக்கலேன்னா உயிர் போயிரும்ங்கற நெலமை இருந்தா மட்டும்தான் விதிவிலக்கு, மத்தபடி நீங்க மயக்கம் தெளியுற வரைக்கும் காத்திருந்து உங்ககிட்ட கேட்டிருக்கணும்.

உங்க கதை மாதிரியே டெல்லியில நடந்து 2008-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. பாக்குறதுக்கு மட்டும்னு சம்மதம் குடுத்த பொம்பளைக்கு கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, வெளிய நின்ன அவங்க அம்மாகிட்ட கையெழுத்து. பரிசோதனைக்குக் குடுத்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது, சுயநினைவுக்கு வரப்போற பெரிய மனுஷிக்கு அம்மா சம்மதம் சொல்ல முடியாதுன்னு கோர்ட் அடிச்சுச் சொல்லுச்சு. ஆனா நஷ்டஈடு? டாக்டருக்குப் பீஸ் குடுக்க வேண்டியதில்ல, கூட 25,000 ரூவா, அவ்வளவுதான். அந்தத் தொகையப் படிக்கிறப்ப எல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். அதுக்கப்புறம் காலம் மாறியிருக்கு, தயங்காம போங்க. பயாப்சி ரிப்போர்ட்டை கையோட வாங்குங்க, எடுத்த கர்ப்பப்பையில நோய் இருந்துச்சா இல்லையான்னு அது சொல்லும். பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட கோர்ட்லயே ஆபீஸ் இருக்கு, 15100-க்கு போன் பண்ணாலும் போதும்.

கேள்வி: ஜி.எச்-ல காசே வாங்காம பாக்குறாங்க. அங்க தப்பு நடந்தா கேக்க முடியாதா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: கேக்கலாம், பாதைதான் வேற. 1995-ல சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி எல்லாருக்குமே இலவசமா பாக்குற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராது, ஆனா சிலர்கிட்ட காசு வாங்கி சிலருக்கு இலவசம்னா அந்த இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. காப்பீட்டுத் திட்டத்துல பாத்திருந்தா அதையும் வக்கீல்கிட்ட சொல்லுங்க. அதுக்குள்ள வரலைன்னா சிவில் கோர்ட், இல்ல ஹைகோர்ட்ல ரிட், அதாவது அரசு மேல நேரடியா போடுற மனு.

நம்ம எழும்பூர் அரசு மருத்துவமனை வழக்கையே பாருங்க. 1996-ல 29 வாரத்துல 1,250 கிராம் எடையில ஒரு பொண்ணுக் குழந்தை பொறந்துச்சு. குறைமாசக் குழந்தைக்கு சில வாரத்துக்குள்ள விழித்திரைய டெஸ்ட் பண்ணணும், கோளாறு தெரிஞ்சா அப்பவே வைத்தியம் பாத்தா பார்வையக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு, அந்த நேரம் தாண்டிட்டா போச்சு. யாரும் டெஸ்ட் பண்ணல, பண்ணணும்னு பெத்தவங்ககிட்ட சொல்லவும் இல்ல. குழந்தைக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சு. தேசிய ஆணையம் 5 லட்சம்னுச்சு, அப்பா விடல, 2015-ல சுப்ரீம் கோர்ட் எதிர்காலச் செலவுக்கு மட்டும் 1.38 கோடி, இதுவரைக்கும் ஆன செலவுக்கு 42 லட்சத்துக்கு மேல குடுக்கச் சொல்லுச்சு. அப்ப அந்தப் பொண்ணுக்கு வயசு 18. அரசு ஆஸ்பத்திரி ரெக்கார்டு தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேக்கலாம்.

கேள்வி: நான் சின்ன டவுன்ல 20 வருஷமா பிரசவம் பாக்குற டாக்டர். இப்பல்லாம் ரிஸ்க்கான கேஸ் வந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாமான்னு தோணுது. ஏதாச்சும் ஆயிருச்சுன்னா செல்போன் வீடியோ, அடிதடி, அரெஸ்ட். எங்களுக்கு சட்டத்துல இடமே இல்லையா?
(ஒரு டாக்டர்)

பதில்: இருக்கு டாக்டர். அரெஸ்ட் பத்தி மேல சொன்ன 2005 தீர்ப்பு உங்களுக்காகவும்தான். 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல, பாரதிய நியாய சன்ஹிதா 106-ல, கவனக்குறைவால மரணம்னா மத்தவங்களுக்கு 5 வருஷம் வரைக்கும் தண்டனை, சிகிச்சை பண்றப்ப நடந்ததுன்னா பதிவு பெற்ற டாக்டருக்கு 2 வருஷம் வரைக்கும்தான். ஆஸ்பத்திரிய அடிச்சு நொறுக்குறவங்க மேல நடவடிக்கை எடுக்க தமிழ்நாட்டுல 2008-லயே தனிச் சட்டம் இருக்கு. தப்பான முடிவு எடுத்துட்டதாலயே கவனக்குறைவுன்னு ஆயிராதுன்னு கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு.

ஆனா ஒரு வேண்டுகோள், இத்தனை வருஷம் ரெண்டு பக்கமும் பாத்தவ சொல்றேன். என்கிட்ட வர்ற குடும்பங்கள்ல பாதிப்பேரு காசுக்காக வர்றதில்ல, என்ன நடந்துச்சுன்னு யாரும் எங்ககிட்ட உக்காந்து சொல்லலைன்னு அழுதுட்டே வர்றாங்க. ராத்திரி மூணு மணியானாலும் நீங்களே வெளிய வந்து சொல்லுங்க, வார்டு பாயை அனுப்பாதீங்க. சொன்னதை எத்தனை மணிக்கு யார்கிட்ட சொன்னீங்கன்னு கேஸ் ஷீட்ல ரெண்டு வரி எழுதிருங்க. குழந்தை இதயத் துடிப்பு எத்தனை மணிக்கு எவ்வளவு, சிசேரியன்னு எப்ப முடிவெடுத்தீங்க, தியேட்டர் எப்ப ரெடியாச்சு, எல்லாத்தையும் அப்பப்பவே எழுதுங்க. மறுநாள் உக்காந்து நிரப்பினா மையும் கையெழுத்தும் காட்டிக் குடுத்துரும். இருக்குறதை அடிச்சுத் திருத்த வேண்டி வந்தா ஒரே கோடு போட்டு, பக்கத்துல தேதியும் நேரமும் போட்டு கையெழுத்துப் போடுங்க, ஒயிட்னர் மட்டும் வேண்டாம்.