லுவா செருகுநிரல் தமிழ் எழுத்தை நடுவில் பிளக்கிறதா?

சி மொழியில் எழுதிய எடிட்டரில் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியைச் சேர்த்ததும், தமிழ் வரிகளில் மட்டும் செருகுநிரல் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுத்தைப் பிளக்கிறது என்கிறீர்கள். லுவாவுக்குச் சரம் என்றால் வெறும் பைட்டுகள்தான். எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள்: 'செங்கோட்டை' கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 30 பைட். ஸ்கிரிப்ட் 7ஆவது இடம் என்று கேட்டால் எதில் 7? எல்லை தாண்டி, புனலூர் நண்பர் மலையாளத்தில் தட்டினாலும் இதே கதைதான். எடிட்டருக்குள்ளே இடத்தைப் பைட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்த எழுத்து', 'முந்தைய எழுத்து' இரண்டையும் எடிட்டரே தரட்டும்.

அப்புறம், செருகுநிரல்கள் இடத்தை எண்ணாகச் சேமிக்க விடாதீர்கள். மேலே ஒரு வரி சேர்ந்தாலே அது பழசு. ஈமாக்ஸ் எடிட்டரின் மார்க்கர், நியோவிம் எடிட்டரின் எக்ஸ்ட்மார்க் மாதிரி, உரையோடு நகரும் குறியைக் கொடுங்கள். நான் இதைப் பின்னால் சேர்க்கப் போய், ஒரு குற்றால சீசன் முழுக்கச் செருகுநிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.