ராத்திரி முழுக்கப் பேசத்தான் வேண்டுமா?

அறைத்தோழிக்கு மனச்சோர்வு, தினமும் நள்ளிரவு தாண்டியும் உங்களிடம் அழுது பேசுகிறார், மறுநாள் வேலையில் உங்களுக்குக் கண் சொருகுகிறது, "இப்ப முடியாது" என்று சொல்லவும் மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்கப் போவது அவரைக் கைவிடுவதாகாது. நீங்கள் தோழி, மருத்துவர் இல்லை.

அவர் அழும்போது இதை எடுக்க வேண்டாம். கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு பகல் வேளையில், "உன் மேல அக்கறை இருக்கு. ஆனா பத்து மணிக்கு மேல நான் தூங்கணும். சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். சொல்வது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு. பத்தரைக்கு மறுபடி ஆரம்பிப்பார். "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். அதே நேரம், அந்த அரை மணி நேரத்தை நீங்களும் தவறவிடக் கூடாது.

சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் இந்த விதி செல்லாது. "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அவர் வீட்டாரையோ அவசர உதவியையோ அழையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சிகிச்சைக்குப் போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் முதல் தடவை கூடப் போங்கள். மருந்து தொடங்கினாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அப்புறம் வீட்டு வேலை. "எல்லாத்தையும் சுத்தம் பண்ணு" என்றால் மலைத்துப்போவார். "இன்னைக்குக் குப்பையை மட்டும் வெளியே வச்சிடு" என்று கேட்டுப் பாருங்கள்.