குழு உடற்பயிற்சி வகுப்பு: தயங்கித் தயங்கிச் சேர்வோரின் கேள்விகளும் பதில்களும்

பல ஆண்டுகளாகக் குழு வகுப்புகளை நடத்திவரும் பயிற்றுநர் ஒருவர், விருப்பமின்றியோ அச்சத்துடனோ முதன்முறை சேர்வோரின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

மருத்துவர் வற்புறுத்தியதால் சேர்ந்திருக்கிறேன். யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசையில் நின்றுகொள்ளலாமா?

வேண்டாம். நடன வகை வகுப்புகளில் அனைவரும் பின்புறம் திரும்பும் கட்டம் ஒன்று வரும். அப்போது கடைசி வரிசையே முதல் வரிசையாகிவிடும், உங்களுக்குப் பார்த்துச் செய்ய ஆள் இருக்காது. இரண்டாவது வரிசையில் சற்று ஓரமாக நில்லுங்கள். பயிற்றுநர் உங்களை நோக்கி நின்றபடி “இடது” என்று சொல்லிக்கொண்டே தம் வலக்காலை எடுத்து வைப்பார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவரைப் பின்பற்றினால் போதும். அசைவுகள் பெரும்பாலும் இசையின் தாளத்துக்கேற்ப எட்டு எண்ணிக்கைகளாகவும், அத்தகைய நான்கு எட்டுகள் சேர்ந்த 32 எண்ணிக்கைகளாகவும் அமைந்திருக்கும். முதல் நாளில் கால்களை மட்டும் கவனியுங்கள். கைகள் பிறகு தாமாகச் சேர்ந்துகொள்ளும். 10 நிமிடம் முன்னதாகச் சென்று, நீங்கள் புதியவர் என்பதைப் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.

என் வகுப்புக்கு வந்த ஒருவர், முதல் மூன்று நாட்களும் தண்ணீர் பாட்டிலைக் கையைவிட்டு இறக்காமல் கதவருகிலேயே நின்றார். நான்காம் நாள் அதைச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே நகர்ந்து வந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

எல்லோரும் என்னையே பார்ப்பார்களே?

பார்க்க மாட்டார்கள். அவரவர் தத்தம் எண்ணிக்கையைத் தவறவிடாமல் இருக்கவே பாடுபட்டுக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதா?

இல்லை. பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் (நீங்கள் சொல்லும் லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். உங்கள் வலியோ 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடைவது. ஸ்குவாட்டில், அதாவது முழங்காலை மடக்கி உட்காருவதுபோல் இறங்கி எழும் பயிற்சியில், கீழே இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அவ்வாறு ஏற்படும் நுண்ணிய சிதைவே இந்த வலிக்கு முக்கியக் காரணம். சில நாட்களில் இது தானே தணியும். ஆனால் வலி மிகக் கடுமையாகித் தசை வீங்கினாலோ, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசைச் செல்கள் உடைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் இந்நிலை, முதல் சைக்கிள் வகுப்பிலேயே முழு வேகத்தில் மிதித்தவர்களுக்கு நேர்ந்திருப்பதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

நீங்கள் புதியவர்களைப் பயமுறுத்துகிறீர்கள். தனியாகச் செய்வதைவிடக் கூடுதலாக முயல்வதற்காகத்தானே குழுவில் சேர்கிறோம்?

உங்கள் கருத்தில் உண்மை இருக்கிறது. ஓட்டோ கோலர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர், 1920களில் படகு வலிப்போரை எடை தூக்கச் செய்து ஆராய்ந்தபோது, இணையாகச் சேர்ந்து தூக்கிய இருவரில் வலுக்குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிடக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார். எனினும் அந்தப் பயன், இருவரின் வலிமைக்கும் இடையிலான வேறுபாடு மிதமாக இருந்தபோதுதான் மிகுந்திருந்தது. பல ஆண்டுகள் பழகியவரின் பக்கத்தில் நிற்கும் புதியவருக்கு அந்த வேறுபாடு மிதமானதன்று.

மறுபடியும் நான்தான். சற்றுத் தள்ளிவிடாவிட்டால் விருப்பமில்லாதவர் எப்படி முன்னேறுவார்?

விருப்பமில்லாமல் வருபவரைத் தள்ளினால் அவர் மறுவாரம் வருவதில்லை. இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அவரிடம் முதலில் வளர வேண்டியது வேகமன்று, வருகை. ஆகவே முதல் சில வகுப்புகளில், மூச்சு வாங்கினாலும் ஒரு முழு வாக்கியத்தைப் பேசிமுடிக்க முடிகிற அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவரின் வேகம் உங்கள் அளவுகோல் ஆகாது.

கைக்கடிகாரம் என் இதயத்துடிப்பு எல்லையைத் தாண்டிவிட்டதாகக் காட்டுகிறது.

அதிகபட்ச இதயத்துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒரு சராசரி மட்டுமே. தனிமனிதரிடம் நிமிடத்துக்கு 10 துடிப்புகளுக்கு மேலும் மாறுபடலாம். பேச முடிகிறதா என்று பாருங்கள். மார்பு வலியோ மயக்கமோ இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எந்தப் புரதப் பொடி நல்லது?

இது என் துறையன்று. உணவியல் வல்லுநரைக் கேளுங்கள்.

என்னைப் பார்த்து யாராவது சிரித்தால்?

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. மேலே கூறிய பதிலையே தயவுசெய்து படியுங்கள்.

முடியாவிட்டால் நடுவில் வெளியேறலாமா?

தாராளமாக. ஆனால் சட்டென்று நின்றுவிடாதீர்கள். கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றலாம். சில நிமிடங்கள் மெதுவாக நடந்துவிட்டு வெளியேறுங்கள்.

எத்தனை வகுப்புகளுக்குப் பிறகு “இது எனக்கு ஒத்துவராது” என்று முடிவு செய்யலாம்?

ஒரே வகுப்புக்கு, ஒரே பயிற்றுநரிடம், வாரம் இருமுறையாக ஆறு தடவை சென்று பாருங்கள். தசை ஒருமுறை பழகிவிட்டால் அதே பயிற்சி மறுமுறை அவ்வளவு வலிப்பதில்லை. அசைவுகளும் திரும்ப வருவதால், வெறுத்தது வகுப்பையா அல்லது புதுமையின் குழப்பத்தையா என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உலக சுகாதார அமைப்பு 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பில் தனியாக விரைந்து நடப்பதும் அடங்கும். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை மட்டும் வாரத்தில் இரு நாட்களாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.